உப்புக் காற்றில் ஒரு கணிப்பொறி

2025ஆம் ஆண்டு புரட்டாசி மாதம். ஊரார் பலர் புலால் மறுத்து விரதம் இருக்கும் மாதம்; ஆகவே மீனுக்கும் இறாலுக்கும் விலை இறங்கும் மாதம். அந்த மாதத்தில்தான் எங்கள் வீட்டில் 94,000 ரூபாய் செலவிட்டு ஒரு மேசைக் கணிப்பொறி வாங்கினோம். பணம், அம்மா சீட்டுப் போட்டுச் சேர்த்தது.

“போன்லயே எல்லாம் வருதே, இது எதுக்குடா தண்டச் செலவு?” என்றார் என் தந்தை.

பழவேற்காட்டு ஏரியை நம்பிப் பிழைக்கும் ஒருவர் கேட்க வேண்டிய கேள்விதான், அதில் பிழையில்லை. அன்று நான் அவருக்குச் சொன்ன விடை அரைகுறையானது. முழு விடையை எழுத இம்மலர் இடம் தந்திருக்கிறது. மாணவ நண்பர்களும் பேராசிரியப் பெருமக்களும் படித்துப் பார்த்து, குற்றம் இருந்தால் சுட்டிக்காட்ட வேண்டுகிறேன்.

உயர்தரக் கணிப்பொறி என்றவுடன் பலருக்கு நினைவுக்கு வருவது விளையாட்டு. கண்ணாடிப் பெட்டிக்குள் சிவப்பும் நீலமுமாக விளக்கெரிய, இளைஞன் ஒருவன் காதில் கருவியை மாட்டிக்கொண்டு துப்பாக்கி சுட்டுக்கொண்டிருப்பான். நானும் விளையாடாதவன் அல்லன். ஆனால் அதற்காக அம்மாவின் சீட்டுப் பணத்தைக் கேட்க எனக்கு மனம் துணிந்திருக்காது. என்னைத் துணிய வைத்தது ஒரு கூட்டம்.

முகத்துவாரத்தைப் பற்றிப் பேச எங்கள் குப்பத்தில் ஒரு கூட்டம் நடந்தது. ஏரிக்கும் கடலுக்கும் இடையே உள்ள அந்த வாய் மணல் தூர்ந்து அடைபடுவதும், வெள்ளம் வந்து திறப்பதும் எங்களுக்குப் புதிதல்ல. அது அடைபட்டால் இறால் குஞ்சு உள்ளே வராது. படகு வெளியே போகாது. கூட்டத்திற்கு வந்திருந்த அலுவலர் ஒருவர் வண்ணப் படம் ஒன்றைத் திரையில் காட்டி, “இந்த ஆண்டில் இந்த இடம் முழுவதும் மணல்” என்றார். எங்கள் பெரியவர் ஒருவர் எழுந்து, “அந்த வருஷம் அதே இடத்துல நான் படகு ஓட்டியிருக்கேன், சாமி” என்றார். “செயற்கைக்கோள் பொய் சொல்லாது, பெரியவரே” என்று விடை வந்தது. பெரியவர் உட்கார்ந்துவிட்டார்.

அவர் உட்கார்ந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. ஐம்பதாண்டு நீரில் நின்ற மனிதர், ஒரு படத்திற்கு முன்னால் பொய்யராகி உட்கார்ந்தார். நூறு பேர் இருந்தோம்; அந்தப் படம் சரியா என்று சோதித்துப் பார்க்கும் வழி எங்களில் ஒருவரிடமும் இல்லை.

ஆனால் அந்தச் சோதனைக்கு வேண்டிய பொருள் யாரும் எடுத்துக்கொள்ளும் விதத்தில் திறந்து கிடக்கிறது! அமெரிக்காவின் லேண்ட்சாட் செயற்கைக்கோள்கள் 1972 முதல் எடுத்த படங்கள் 2008 முதல் உலகத்தார் அனைவருக்கும் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல் செயற்கைக்கோள்கள் எடுக்கும் படங்களும் அப்படியே. அவற்றை விரித்து அளக்க க்யூஜிஐஎஸ் என்ற மென்பொருள் இருக்கிறது, அதற்கும் காசில்லை. இல்லாதது ஒன்றே ஒன்று. அவற்றைச் சுமக்கும் வலுவுள்ள பொறி.

ஏன் வலு வேண்டும் என்று கேட்கலாம். ஒரே ஒரு படத்தைப் பார்க்கச் சாதாரண மடிக்கணினி போதும். ஆனால் நம் ஏரியை ஒரு படத்தால் அறிய முடியாது. மழைக்காலத்தில் ஏறத்தாழ 450 சதுர கிலோமீட்டர் விரியும் இந்த ஏரி கோடையில் 250 அளவுக்குச் சுருங்கிவிடுகிறது. சித்திரையில் எடுத்த படமும் கார்த்திகையில் எடுத்த படமும் இரண்டு வேறு ஏரிகளைக் காட்டும். ஆகவே மாதத்திற்கு மாதம், ஆண்டுக்கு ஆண்டு அடுக்கிப் பார்க்க வேண்டும். அதிலும் ஓர் இடர் உண்டு. நமக்கு மழை தருவது வடகிழக்குப் பருவக்காற்று; ஏரி நிறைந்திருக்கும் மாதங்களில் வானம் மேகத்தால் மூடியிருக்கும்; படத்தில் மேகந்தான் தெரியும். மேகத்தை ஊடுருவிப் பார்ப்பது ரேடார். 2014இல் ஏவப்பட்ட சென்டினல்-1 அந்த வேலையைச் செய்கிறது. 12 நாளுக்கு ஒரு படம் என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 30 படங்கள். ஒவ்வொன்றும் ஒரு ஜிபி அளவு. அவற்றைத் திருத்தி, நிலத்தோடு பொருத்தி, ஒன்றன் மேல் ஒன்றாக வைத்துக் கணக்கிட வேண்டும். இரவல் வாங்கிய, நான்கு ஜிபி ரேம் உள்ள பழைய மடிக்கணினியில் முதலில் இதை முயன்றேன். மாலை ஆறு மணிக்குத் தொடங்கியது இரவு பதினொன்றுக்கு அசைவற்று நின்றது. மறுநாளும் அப்படியே.

கல்லூரியில் செய்யலாமே என்பீர்கள். செய்யலாம், பொறியும் உண்டு, உதவும் ஆசிரியரும் உண்டு. ஆனால் பேருந்துக்கு ஓடும் நேரத்தைக் கழித்தால் கிடைப்பது ஒரு மணி. அந்தக் கணக்கு முடிய எட்டு மணி நேரம் பிடித்தால் என்ன செய்வது? அதைவிட முக்கியமான காரணம் வேறு. படத்தில் கறுப்பாகத் தெரிவது நீரா, சேறா, வலைக்கு நட்ட கழிகளா என்று எனக்குத் தெரியாது. காற்றடித்து நீர் சிலிர்த்தால் ரேடாரில் நீரும் வெளுத்துக் காட்டும். “இது சேறு, இதுக்கு அந்தாண்டதான் ஆழம்” என்று சொல்லத் தெரிந்தவர்கள் கல்லூரிக்கு வர மாட்டார்கள். அவர்கள் இருக்கும் இடத்திற்குப் பொறி வர வேண்டும்.

கணிப்பொறியின் வரலாற்றையே இப்படிப் படிக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. 1955இல் கல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்திற்கு இந்தியாவின் முதல் மின்னணுக் கணிப்பொறி வந்தது. 1960இல் பம்பாயில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தார் தாமே கட்டிய ‘டிஃப்ராக்’கின் நினைவகம் 2,048 சொற்கள். இன்று கைப்பேசியில் எடுக்கும் ஒரு நிழற்படம் அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு இடம் கேட்கும். 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு ஐ.பி.எம். 370 வந்தது. இவையெல்லாம் மாளிகைகளில் குளிரூட்டிய அறைக்குள் இருந்தன. கணக்கும் அங்கேயே இருந்தது. நமக்கும் கடலுக்கும் நடுவே நீண்டு கிடக்கும் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1980 சூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 ரோகிணியைச் சுமந்து எழுந்தது. அன்று முதல் எத்தனையோ செயற்கைக்கோள்கள் எங்கள் தலைக்கு மேலாகப் போயின. ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்ற அறிவிப்பு வரும், போவதில்லை. ஏவியது மேலே சென்று கீழே பார்த்து எழுதும் கணக்கு மட்டும் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை.

கைப்பேசியில் வருகிறதே என்று தந்தை சொன்னதையும் தள்ளிவிட முடியாது. கடல்நிலை அறிவிப்பும் மீன்வளப் பகுதி அறிவிப்பும் கைப்பேசியில்தான் வருகின்றன; உயிர்களைக் காக்கின்றன. ஆனால் அவையெல்லாம் பிறர் கணக்கிட்டு நமக்கு அனுப்புபவை. கேட்டுக்கொள்ளலாம், எதிர்த்துக் கேட்க முடியாது. சுற்றுச்சூழல் பாதிப்பு அறிக்கைகளை எடுத்துக்கொள்ளுங்கள். 2006ஆம் ஆண்டு அறிவிக்கையின்படி மக்கள் கருத்துக் கேட்க வேண்டிய திட்டங்களுக்குச் சுருக்கத்தைத்தான் வட்டார மொழியில் தருகிறார்கள். முழு அறிக்கையும் வரைபடங்களும் ஆங்கிலத்தில் இருக்கும். காட்டுப்பள்ளித் துறைமுக விரிவாக்கத்தைப் பற்றி நம் பக்கத்தில் எத்தனை பேச்சு நடந்தது! ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் அதே படங்களைத்தான் கையில் வைத்துக்கொண்டு பேசினோம். அப்படங்களை விரல் நுனியால் பெரிதாக்கிப் பார்ப்பது படிப்பு ஆகாது.

இணையத்தின் வழியே தொலைவிலுள்ள பெரும் பொறிகளில் கணக்கிடும் வசதி உண்டே என்று எங்கள் துறைப் பேராசிரியர் கேட்டார். உண்டு, நானும் பயன்படுத்துகிறேன், பல வேளைகளில் அதுதான் விரைவு. ஆயினும் மழை நாளில் எங்கள் கரையில் இணைப்பு நிற்காது. அந்தச் சேவையின் விதிகளை வகுப்பவரும் நாமல்லர். சொந்தப் படகு இருந்தும் அவசரத்திற்கு வாடகைப் படகு ஏறுகிறோம். அதனால் சொந்தப் படகை விற்றுவிடுவதில்லை.

அரசு தரும் மடிக்கணினி போதாதா என்று நண்பர்கள் கேட்டனர். 2025 மார்ச்சில் வந்த மாநில நிதிநிலை அறிக்கையில் இரண்டாண்டுகளில் 20 லட்சம் கல்லூரி மாணவர்க்குக் கைக்கணினியோ மடிக்கணினியோ தருவதாக அறிவித்தார்கள். நல்ல செயல்; கட்டுரை எழுதவும் பாடம் படிக்கவும் அது மிகவும் உதவும். நான் சொல்வது வேறு வேலை. உப்புக் காற்றையும் எண்ணிப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டில் சன்னல் கம்பியே மூன்றாண்டில் துருவேறிவிடும். மடிக்கணினியில் பெரும்பாலும் எல்லாம் ஒரே பலகையில் பற்றவைத்தவை. ஓரிடம் அரித்தால் முழுவதும் போகும். மேசைப் பொறியில் பழுதான உறுப்பை மட்டும் கழற்றி ரிட்சி தெருவுக்குக் கொண்டு போகலாம். படகு எஞ்சினை அக்கக்காகப் பிரித்துப் பூட்டத் தெரிந்த ஊருக்கு இது புரியாத செய்தியன்று. இதை விளக்கிய பிறகுதான் என் தந்தை பெட்டிக்கு அருகிலேயே வந்தார்.

பணத்தை எதில் போட்டோம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். வாங்க நினைப்பவர்க்கு உதவும். எட்டுக் கோர் பிராசசர், 32 ஜிபி ரேம், ஒரு டி.பி. எஸ்.எஸ்.டி., நடுத்தரமான கிராபிக்ஸ் கார்டு, 24 அங்குலத் திரை, நல்ல எஸ்.எம்.பி.எஸ்., யு.பி.எஸ். கண்ணாடிப் பெட்டியும் வண்ண விளக்கும் வேண்டாமென்றோம். அதில் மிச்சமான தொகை யு.பி.எஸ்.சுக்குப் போனது. மின்னழுத்தம் ஏறி இறங்கும் ஊரில் யு.பி.எஸ். இல்லாமல் பொறி வாங்குவது துடுப்பில்லாமல் படகு வாங்குவது போல. பத்தாயிரத்துக்குப் பழைய பொறி கிடைக்கிறதே என்று ஒரு கடையில் ஆசை காட்டினார்கள். மைக்ரோசாப்ட் நிறுவனம் 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கு ஆதரவை நிறுத்தியது. அடுத்த பதிப்பு பழைய பிராசசர்களில் முறைப்படி ஏறாது. அப்படி ஒதுக்கப்பட்ட பொறிகள்தாம் மலிவாகச் சந்தைக்கு வருகின்றன. சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் போன்றவற்றை ஏற்றிக்கொண்டால் அவற்றிலும் எழுத்து வேலை நடக்கும். என் வேலை நடக்காது. நாங்கள் வாங்கிய சில மாதங்களில், செயற்கை நுண்ணறிவு நிலையங்கள் நினைவகச் சில்லுகளை அள்ளிக்கொண்டதால் ரேம் விலை மளமளவென ஏறியது. இன்று வாங்குபவர் 16 ஜிபியில் தொடங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளலாம். அப்படிக் கூட்ட முடிவதே மேசைப் பொறியின் சிறப்பு அன்றோ?

பெரியவரின் வழக்குக்கு வருகிறேன். அவர் சொன்ன ஆண்டின் படங்களை அடுக்கிப் பார்க்க எனக்கு ஒன்பது இரவுகள் ஆயின. கோடைப் படத்தில் அலுவலர் காட்டியது போலவே மணல் திட்டு. ஐப்பசி, கார்த்திகை ரேடார் படங்களில் அதே இடத்தில் கறுத்த பட்டையாக நீர். அவர் காட்டிய படத்தில் ஆண்டு மட்டும் இருந்தது; மாதம் இல்லை. இருவரும் பொய் சொல்லவில்லை. பெரியவரை அழைத்து வந்து திரைக்கு முன் உட்கார வைத்தேன். சற்று நேரம் பார்த்துவிட்டு, “அந்த மேட்டுக்கு வடக்கால ஒரு பள்ளம் இருந்துச்சே, அது எங்க?” என்றார். அதை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

எங்கள் ஏரியில் மீன்பிடி இடங்களை முறை வைத்துப் பிரித்துக்கொள்ளும் வழக்கத்திற்குப் ‘பாடு’ என்று பெயர். வீட்டிலும் கணிப்பொறிக்குப் பாடு வைத்தாயிற்று. விடியற்காலை தங்கையின் படிப்புக்கு. பகலில் அம்மாவும், பனையோலைக் கூடை பின்னும் பக்கத்து வீட்டு அக்காளும் கணக்கெழுதவும் கூடைகளின் படங்களைத் திருத்தவும் எடுத்துக்கொள்கிறார்கள். இரவு எனக்கு. 2023 திசம்பர் மிக்சாம் புயல் மழையை நினைவில் வைத்து, பெட்டியைத் தரையில் வைக்காமல் சுவரில் நான்கடி உயரத்தில் பலகை அடித்து ஏற்றியிருக்கிறோம். தினமும் ஓடுவதால் உள்ளே ஈரம் தங்குவதில்லை. வாரம் ஒருமுறை தூசி துடைக்கும் வேலையை என் தந்தை தாமாகவே எடுத்துக்கொண்டார்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்கு மேல் எவருடைய பாடும் இல்லை. தம் ஊர் ஏரியையோ குளத்தையோ பார்க்க விரும்பும் மாணவர் வரலாம். வரும்போது, நிலம் அறிந்த பெரியவர் ஒருவரையும் கூட அழைத்து வாருங்கள்.