தூண்டில் போட்டியும் கொஞ்சம் ஆக்சிஜனும்

"காசு கொடுத்து குட்டையில மீன் பிடிக்கிறதுக்கு, அதே காசுல மார்க்கெட்ல வாங்கிட்டு வந்துடலாமே?"

இந்தக் கேள்வியை அம்மா கேட்டாச்சு. டீம் லீட் கேட்டாச்சு. கீழ் வீட்டு மாமா வாரத்துக்கு ஒரு தடவை கேட்கிறார். எல்லாருக்கும் சேர்த்து ஒரு பதில் சொல்லிடறேன். அப்புறம் எங்க தூண்டில் கோஷ்டியோட எனக்கு இருக்கிற சண்டைக்கு வரேன். பதில் சின்னது, சண்டைதான் பெருசு.

நாவலூர்ல இருந்துகிட்டு தூண்டில் போடணும்னா எங்கே போறது? நாவலூர் ஏரி இருக்கு, தாழம்பூர் ஏரி இருக்கு, அந்தப் பக்கம் பக்கிங்காம் கால்வாய், கொஞ்சம் தள்ளி முட்டுக்காடு. தண்ணிக்குப் பஞ்சமே இல்லை. ஆனா ஏரி மீன் சும்மா கிடக்கிற மீன் இல்லைங்க. பெரும்பாலும் குத்தகைக்கு விடற சமாச்சாரம். எடுத்தவர் குஞ்சு வாங்கி விட்டிருப்பார். கழிமுகத்துல இறங்கி கையால இறால் தடவிப் பிடிக்கிற இருளர் ஜனங்களுக்கு அன்னிக்கு அடுப்பு எரியறதே அதுல வர்ற காசுலதான். நான் சனிக்கிழமை பொழுது போகலைன்னு எட்டாயிரம் ரூபாய் ராடைத் தூக்கிட்டு அங்கே போய் நிக்கிறது எனக்குச் சரியாப் படலை. அதனால, சொந்தக்காரர் ஒருத்தர் வெட்டி, நீர் விட்டு, மீன் விட்டு, "மணிக்கு இவ்வளவு"ன்னு போர்டு வச்சிருக்கிற குளம்தான் எனக்கு நிம்மதி. கல்கத்தா பக்கம் போனா இது ரொம்பப் பழைய பழக்கம். டிக்கெட் வாங்கிக்கிட்டு குளத்தங்கரையில குடை பிடிச்சு உக்காந்து ரோகுவுக்கும் கட்லாவுக்கும் நாள் பூரா காத்துக் கிடப்பாங்க. யாரும் அவங்களைப் பார்த்து மார்க்கெட்டுக்குப் போன்னு சொல்றதில்லை.

பதில் முடிஞ்சது. இனி சண்டை.

எங்க கோஷ்டியில இருபது பேர் தேறுவோம். முக்கால்வாசி ஐ.டி., ஒரு பல் டாக்டர், ஒரு ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். வருஷத்துக்கு ரெண்டு தடவை திருப்போரூர் பக்கம் ஒரு தனியார் குளத்தை காலையிலேர்ந்து மதியம் வரைக்கும் மொத்தமா எடுத்து மேட்ச் வைப்போம். கரையைச் சுத்தி நம்பர் போட்ட குச்சி நட்டிருக்கும். சீட்டுக் குலுக்கி யாருக்கு எந்த நம்பரோ அங்கேதான் உக்காரணும். காலை ஆறு மணிக்கு விசில். பத்து மணிக்கு மறுபடி விசில். நடுவுல பிடிச்ச மீனையெல்லாம் தண்ணிக்குள்ள தொங்க விட்ட நீளமான வலைப்பையில போட்டு வச்சுக்கணும். கடைசியில தராசு வரும். மொத்த எடை யாருக்கு அதிகமோ அவருக்குக் கோப்பை. எடை போட்டதும் மீனெல்லாம் திரும்பக் குளத்துக்கே.

இந்த ஏற்பாடு முழுக்க இங்கிலாந்து சரக்கு. கெண்டை மீன் விட்டு, கட்டணம் வாங்கி தூண்டில் போட விடற குளங்கள் அங்கே நூத்துக்கணக்குல இருக்கு. 1994-ல ஆரம்பிச்ச ஃபிஷ் ஓ மேனியாங்கிற போட்டியோட ஃபைனலை டி.வி.யில லைவா காட்டினாங்கன்னா பார்த்துக்குங்க. அங்கே ஆறுகள்ல மார்ச் 15-லேர்ந்து ஜூன் 15 வரைக்கும் கெண்டை வகையறாவுக்குத் தூண்டில் போடக்கூடாது, இனப்பெருக்கக் காலம். (நம்ம கிழக்குக் கடற்கரையில விசைப்படகுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை தடை. ரெண்டும் ஒரு நாள் வித்தியாசத்துல முடியுது, என்ன பொருத்தமோ :-)) தனியார் குளங்கள்ல பெரும்பாலும் அந்தத் தடை கிடையாது. அதனால வருஷம் பூரா போட்டி.

சீட்டுக் குலுக்கறது, விசில் ஊதறது இதுல எல்லாம் எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை. காத்து எந்தப் பக்கம் அடிக்குதோ அந்த மூலை கிடைச்சவன் பாதி ஜெயிச்சுட்டான், அதுவும் விளையாட்டுதான். ஏழாம் நம்பர் குச்சி எனக்கு இதுவரைக்கும் விழுந்ததே இல்லை, அது வேற கதை. என் பிரச்சனை அந்த வலைப்பை.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். பத்து டிகிரி இருக்கிற நன்னீர்ல லிட்டருக்கு சுமார் 11 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைஞ்சிருக்க முடியும். முப்பது டிகிரியில அதிகபட்சம் ஏழரைதான். இது இயற்பியல், ஓ.எம்.ஆர்.ல இருக்கிறதால தள்ளுபடி எல்லாம் கிடைக்காது. மீன் வளர்க்கிறவங்க 5-க்குக் குறையாம இருந்தா நல்லதும்பாங்க. அதாவது இங்கிலாந்துக் குளத்துல ஆறு மில்லிகிராம் கைவசம் இருக்கு. நம்ம குளத்துல ரெண்டரை. அதுவும் குளம் முழு அளவுக்கு நிறைஞ்சிருந்தா.

இதுல இன்னொரு வில்லங்கம். பச்சைப் பசேல்னு பாசி ஓடின குளத்துல பகல்ல பாசி ஆக்சிஜனைக் கொடுக்கும். ராத்திரி அதுவே சுவாசிக்கும், மீனும் சுவாசிக்கும், அடியில கிடக்கிற சேறும் தின்னுக்கிட்டே இருக்கும். அப்போ இருபத்திநாலு மணி நேரத்துல ஆக்சிஜன் ரொம்பக் குறைச்சலா இருக்கிற நேரம் எது? விடியற நேரம். மீன் வளர்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வாங்க, மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது விடிகாலையிலதான்னு. நாங்க வெயில் ஏறும் முன்ன முடிச்சுடலாம்னு ஆறு மணிக்கு விசில் ஊதறோம். நமக்கு சுகமான நேரம், மீனுக்கு மூச்சு முட்டற நேரம். அந்த நேரத்துல முள்ளுல மாட்டி, இழுத்து, களைச்சுப் போன மீனை இன்னும் பத்து மீனோட ஒரு பைக்குள்ள நாலு மணி நேரம் அடைச்சு வைக்கிறோம்.

அப்புறம் "ரிலீஸ்" பண்றோம், கை தட்டறோம், க்ரூப் போட்டோ. போன மேட்ச் முடிஞ்ச மறுநாள் குளத்தைப் பார்த்துக்கிற பெரியவர் போன் பண்ணினார். "தம்பி, ஒரு கூடை செத்து மிதக்குது. நாத்தம் அடிக்கும் முன்ன அள்ளிட்டேன். நீங்க பாட்டுக்கு எடுத்துட்டுப் போய் கொழம்பு வச்சிருந்தாலாவது ஆகியிருக்கும்." அவர் சொன்னதுல ஒரு எழுத்தைக்கூட என்னால மறுக்க முடியலை.

இதைச் சொன்னா நம்ம ஹெட்மாஸ்டர் ஐயா, "இங்கிலாந்துக்காரனே வலைப்பை வச்சிருக்கான், அவனுக்குத் தெரியாததா"ங்கிறார். ஐயா, அவன் சும்மா வைக்கலை. பை ரெண்டு மீட்டருக்குக் குறையக்கூடாது, கண்ணி 25 மில்லிமீட்டருக்கு மேல இருக்கக்கூடாது, முடிச்சுப் போட்ட வலை கூடாதுன்னு அங்கே சட்டமே இருக்கு. பல குளங்கள்ல போட்டி நாள் தவிர மத்த நாள்ல வலைப்பையே கிடையாது, போட்டியிலயும் ஒரு பைக்கு இவ்வளவு எடைதான்னு கணக்கு. நாம அவன்கிட்டேயிருந்து கோப்பையை மட்டும் இறக்குமதி பண்ணிட்டு மிச்சத்தை கஸ்டம்ஸ்ல விட்டுட்டு வந்துட்டோம்.

நம்ம ஊர் ஆளுங்க இதைவிட நேர்மை. மதுரை, சிவகங்கை, புதுக்கோட்டைப் பக்கம் கோடையில கண்மாய் வத்தினதும் மீன்பிடித் திருவிழா நடக்கும். ஊர்ப் பெரியவங்க கரையில நின்னு வெள்ளைத் துண்டை வீசினதும், ஊத்தா, கச்சா, வலை எது கிடைக்குதோ அதோட ஊரே தபதபன்னு இறங்கும். பிடிச்சதை விக்கிறதில்லை, வீட்டுக்குக் கொண்டு போய்க் குழம்பு. அன்னிக்குச் சாயங்காலம் அந்த ஊர்த் தெரு முழுக்க ஒரே வாசனை. வத்தப் போற தண்ணியில எப்படியும் சாகப் போற மீனை ஊர் கூடித் தின்னுது. அதுல எந்தப் பாசாங்கும் இல்லை. சாகடிக்கிறதா இருந்தா தின்னுடணும், தின்னலைன்னா உயிரோட விடணும். நாங்க பண்றது ரெண்டுலயும் சேராது.

சரி, வலைப்பை ஒரு பக்கம். இன்னொண்ணு இந்த மொத்த எடைக்குப் பரிசு. இது மீனுக்கு மட்டும் இல்லாம ஊருக்கே சம்பந்தப்பட்டது.

எடைக்குப் பரிசுன்னா எல்லாருக்கும் என்ன வேணும்? கனமான, சீக்கிரம் வளர்ற, வாயில எதைப் போட்டாலும் கடிக்கிற மீன். குளத்துக்காரர் வியாபாரி, கேட்டதைக் கொடுக்கிறார். ரூப்சந்த் விடறார். தென் அமெரிக்க மீன், மார்க்கெட்ல வவ்வால்னு சொல்லி ஏமாத்தறாங்களே, அதுதான். பங்காசியஸ் விடறார். ஆப்பிரிக்கக் கெளுத்தியை அரசாங்கம் தடை பண்ணியாச்சு, 2019-ல பசுமைத் தீர்ப்பாயமும் அழிக்கச் சொல்லியாச்சு, இருந்தாலும் அதை விடற ஆளுங்க இருக்காங்க.

குளம் குளமாவே இருந்தா பரவாயில்லை. ஆனா நாம இருக்கிறது எங்கே? 2015 டிசம்பர் ஞாபகம் இருக்கா? 2023 டிசம்பர் மிக்ஜாம்? பள்ளிக்கரணை சதுப்பு நிலத்துத் தண்ணி ஒக்கியம் மடுவு வழியா பக்கிங்காம் கால்வாய்க்கு வந்து, நம்ம பக்கமா தெற்கே ஓடி கோவளம் முகத்துவாரத்துல கடல்ல சேருது. வழியில இருக்கிற ஏரி உபரியும் அதுலதான் கலக்கும். அந்த மாதிரி மழையில குளத்துக்கும் ரோட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. கரை உடைஞ்சா உள்ளே இருக்கிற மீன் எல்லாம் வெளியே. பள்ளிக்கரணையை 2022-ல ராம்சார் பட்டியல்ல சேர்த்துட்டு, பக்கத்துலயே நாம தென் அமெரிக்காவை வளர்த்துக்கிட்டு இருக்கோம். மீன் தொட்டியில கண்ணாடி துடைக்க வாங்கின டேங்க் கிளீனர் மீன் இப்போ ஏரி வலையில மாட்டுது, திங்கவும் ஆகாது, வலையையும் கிழிக்கும். நஷ்டம் யாருக்கு? மேலே சொன்ன குத்தகைக்காரருக்கும் இருளருக்கும்.

"ஜிலேபி கூடத்தான் வெளிநாட்டு மீன், கட்லாவே கங்கைப் பக்கத்து மீன், அதுக்கு என்ன சொல்றே மச்சி?"ன்னு பல் டாக்டர் மடக்கறான். நியாயமான கேள்விதான். ஜிலேபி 1952-ல இந்தியாவுக்குள்ள வந்தது, இன்னிக்கு அது இல்லாத குட்டை இல்லை. ரோகு, கட்லாவெல்லாம் 1957-ல ஹிராலால் சௌத்ரி ஹார்மோன் ஊசி போட்டு முட்டை இட வைக்கிற வித்தையைக் கண்டுபிடிச்ச பிறகுதான் குஞ்சு எங்கேயும் தாராளமா கிடைக்க ஆரம்பிச்சது. ஆனா ஜிலேபி வந்தப்போ அது என்ன பண்ணும்னு தெரியாம விட்டாங்க. நமக்குத் தெரியுமே.

நான் கேட்கிறது பெருசா ஒண்ணும் இல்லை. பிடிச்ச மீனை அங்கேயே ஈரக் கையோட, ஈரத் துணியில வச்சு பக்கத்துக் குச்சிக்காரர் அளந்து எழுதிக்கிட்டு உடனே விட்டுடணும். எடைக்குப் பதில் நீளம். முள்ளுல எதிர்முள் கூடாது. விசிலை எட்டு மணிக்கு ஊதுவோம், பாசிக்கு வெயில் படட்டும், நமக்குத் தொப்பி இருக்கு. புரட்டாசியிலேர்ந்து மார்கழி வரைக்கும் விராலைக் குறி வச்சு யாரும் போடக்கூடாது. குஞ்சுக் கூட்டத்தைக் காவல் காக்கிற விரால் எது பக்கத்துல வந்தாலும் பாஞ்சு கடிக்கும். அந்தக் கோபத்தைப் பயன்படுத்திப் பிடிக்கிறதைத் திறமைன்னு சொல்லிக்கிறாங்க சிலர். தாயைத் தூக்கிட்டா அஞ்சு நிமிஷத்துல ஜிலேபி வந்து குஞ்சையெல்லாம் முடிச்சுடும்.

மீன் விஷயத்துல என் ஆசை கொடுவா. முட்டுக்காட்டுல இருக்கிற மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனத்தோட ஆராய்ச்சி நிலையத்துல 1997-லயே கொடுவாவை முட்டை இட வச்சு குஞ்சு எடுத்துட்டாங்க. நன்னீர், உப்புத்தண்ணி ரெண்டுலயும் வளரும். சண்டை போடறதுல ரூப்சந்த் எல்லாம் கிட்டவே நிக்க முடியாது. முக்கியமா, கரை உடைஞ்சு தப்பிச்சாலும் கால்வாய் வழியா கோவளத்துக்குப் போகும், அதாவது தன் சொந்த வீட்டுக்கு. குஞ்சு விலை அதிகம், தரம் பிரிச்சு வளர்க்கலைன்னா பெருசு சின்னதைத் தின்னுடும், இதெல்லாம் குளத்துக்காரர் சொன்ன பதில். அதுக்கு நான் சொன்னது: எங்க இருபது பேர்கிட்ட நுழைவுக் கட்டணத்தை முந்நூறு ரூபாய் ஏத்திக்குங்க அண்ணே, ஒரு மூலையில மட்டும் தடுப்பு கட்டி விட்டுப் பாருங்க. யோசிக்கிறேன்னார்.

மதராஸ் சிவில் சர்வீஸ்ல இருந்த ஹெச். எஸ். தாமஸ்ங்கிற வெள்ளைக்காரர் 1887-லயே 'டேங்க் ஆங்லிங் இன் இந்தியா'ன்னு, நம்ம ஏரி குளத்துல தூண்டில் போடறதைப் பத்தி மட்டுமே ஒரு புத்தகம் போட்டிருக்கார். பத்து வருஷம் கழிச்சு 1897-ல இந்திய மீன்வளச் சட்டம் வந்து தண்ணியில வெடி போடறதையும் விஷம் கலக்கறதையும் குத்தமாக்குச்சு. அதுக்கு முன்ன அதையும் மீன் பிடிக்கிற முறைன்னுதான் சொல்லிக்கிட்டிருந்தாங்க.

அடுத்த மேட்ச் தை மாசம். இருபது பேர்ல இப்போதைக்கு என் பக்கம் ஏழு. பல் டாக்டர் நடுநிலை. ஹெட்மாஸ்டர் ஐயா வலைப்பையை விடமாட்டேன்னு நிக்கிறார், ஆனா எட்டு மணி விசிலுக்கு மட்டும் சரின்னுட்டார், அவருக்குக் காலையில வாக்கிங் போகணுமாம். அளக்கிறதுக்கு மரப் பலகையில ஸ்கேல் ஒட்டி பத்து செட் பண்ணிட்டிருக்கேன், ஒண்ணுக்கு நூத்தி நாப்பது ரூபாய் ஆச்சு.