சிறைக்குள் ஒரு 'முகாம்'

திருச்சி மத்திய சிறை வளாகத்திற்குள் இயங்கும் தடுப்பிடத்திற்கு அரசு சூட்டியுள்ள பெயர் 'சிறப்பு முகாம்'. கைதிக்கு விடுதலை நாள் என்று ஒன்று உண்டு. பிணை பெற்ற பின்னும், தண்டனை முடித்த பின்னும் இங்கு கொண்டுவரப்படும் ஈழத் தமிழருக்கு அதுவும் இல்லை. 1946ஆம் ஆண்டில் காலனி ஆட்சி இயற்றிய அயல்நாட்டார் சட்டம், ஒருவரைக் குறிப்பிட்ட இடத்தில் தங்குமாறு ஆணையிட நிர்வாகத்திற்கு அதிகாரம் அளித்தது. தீர்ப்பின்றி ஆண்டுக்கணக்கில் அடைத்துவைக்க அதுவே போதுமானதாயிற்று. 2025இல் புதிய சட்டம் வந்தது. அதிகாரம் அப்படியே நீடிக்கிறது.

ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 30 ஆண்டுகளுக்கு மேல் சிறையிலிருந்த சாந்தனை உச்ச நீதிமன்றம் 2022 நவம்பர் 11 அன்று விடுவித்தது. அவர் சென்று சேர்ந்ததோ இம்முகாமில். இலங்கை செல்ல அனுமதி கிடைத்த சில நாட்களிலேயே, 2024 பிப்ரவரி 28 அன்று, யாழ்ப்பாணத்தில் காத்திருந்த தாயைக் காணாமலே சென்னை மருத்துவமனையில் இறந்தார்.

பிழைப்புக்காக ரயிலேறிப் புனேயின் போபோடியில் குடியேறிய தமிழர் அங்கே வாக்காளர். உயிருக்கு அஞ்சிப் படகேறிய தமிழர் இங்கே 'அயல்நாட்டார்'. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை. அகதிகளுக்கெனத் தனிச் சட்டமும் இயற்றவில்லை. இதற்காக ஒன்றிய அரசைக் கண்டிப்பது சரியே, எளிதும்கூட. ஆனால் முகாமில் அடைக்கும் ஆணையைப் பிறப்பிப்பது மாநில அரசு. முகாமை மூடுக என்னும் கோரிக்கை, ஆள்வோர் எவராயினும், முதலில் சென்னைக் கோட்டையை நோக்கி எழ வேண்டும்.