பூனைக்கு வந்த கோளாறா, வீட்டுக்கு வந்த கோளாறா?

நாஞ்சில் நாட்டில் ஒரு பூனை கெட்டுப் போனால் அதற்கு விசாரணை கிடையாது, நேரே தண்டனைதான். மெத்தையில் மூத்திரம் பெய்ததா, பிள்ளையைப் பிறாண்டியதா, ராத்திரி முழுக்கக் கத்தியதா... "இந்தச் சனியனைக் கொண்டு களைஞ்சிட்டு வா மக்கா" என்பாள் அம்மா. மகன் ஒரு சாக்கை எடுப்பான். பழையாற்றுக்கு அந்தப் பக்கம் போய் அவிழ்த்துவிட்டு வருவான். ஆறு தாண்டினால் பூனைக்கு வழி தெரியாதாம். கொஞ்சம் இரக்கம் உள்ள வீடென்றால் மீன் சந்தைப் பக்கம் விடும். "அங்க தலையும் குடலும் கெடைக்கும், பொழச்சுக்கும்" என்று ஒரு சமாதானம் வேறு!

இந்தச் சமாதானம் சுத்தப் பொய். சந்தையில் ஏற்கெனவே பூனைகள் உண்டு, அவற்றுக்கு எல்லைகளும் உண்டு. சோற்றுத் தட்டைத் தேடி வந்தே பழகிய வீட்டுப் பூனை அங்கே அடி வாங்கும், நாயிடம் அகப்படும், அல்லது பயத்தில் எங்காவது ஒடுங்கிச் சாப்பிடாமல் கிடக்கும். கொழுத்த பூனை சில நாள் பட்டினி கிடந்தாலே ஈரலில் கொழுப்பு படிந்து சாகலாம். பூனையைக் கொன்றால் பாவம் என்று நம்புகிறவர்கள்தான் இதைச் செய்கிறார்கள். கொல்கிற வேலையைப் பசியிடமும் நாயிடமும் ஒப்படைத்துவிட்டால் பாவம் ஒட்டாது போலிருக்கிறது. நல்ல கணக்கு!

சட்டப்படியும் இது குற்றம்தான். ருக்மிணி தேவி அருண்டேல் (கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய அதே ருக்மிணி தேவிதான்) மாநிலங்களவையில் தனிநபர் மசோதா கொண்டு வந்து போராடியதன் பலனாக வந்தது 1960ஆம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். பசியிலும் தாகத்திலும் தவிக்கும்படி ஒரு பிராணியைக் கைவிடுவது அதன் 11ஆம் பிரிவில் வருகிறது. முதல் முறை அபராதம் 10 ரூபாய் முதல் 50 ரூபாய் வரை. அந்தப் பூனைக்கு ஒரு வேளைக்கு மீன் வாங்கக்கூட அது காணாது. ஆகவே சட்டத்துக்குப் பயந்து யாரும் திருந்தப் போவதில்லை.

சரி, பூனை ஏன் அப்படிச் செய்கிறது? பழிவாங்குகிறது, திமிர் பிடித்துவிட்டது என்பதெல்லாம் மனிதர்களின் கற்பனை. முதலில் அது எப்படி மூத்திரம் போகிறது என்று பார்க்க வேண்டும். நின்றபடி வாலை நட்டுக்கொண்டு சுவரிலும் கதவிலும் பீய்ச்சினால் அது எல்லை குறிக்கும் வேலை. பெரும்பாலும் வயசுக்கு வந்த கடுவன் செய்வது. விதை எடுத்துவிட்டால் பத்தில் ஒன்பது கடுவன்கள் போல இதை நிறுத்திவிடும். வெளியே ஓடிச் சண்டை போட்டுக் காது கிழிந்து வருவதும் குறையும். ராத்திரி கத்துகிற பெட்டைக்கும் கருத்தடைதான் மருந்து. "வாயில்லா ஜீவனுக்குக் கத்தி வைக்கிறது பாவம்லா" என்று இதற்கு மட்டும் மனசு இளகும். சாக்கு கட்டும்போது அந்த மனசு எங்கே போயிருந்தது?

உட்கார்ந்து, கண்ட இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாகப் போனால் அது வேறு கதை. மூத்திரப்பையில் வலியாக இருக்கலாம். வழக்கமான இடத்தில் போனால் வலிக்கிறது, அதனால் வேறு இடம் தேடுகிறது. அதிலும் கடுவன் முக்கி முக்கி உட்கார்ந்து, ஒரு சொட்டும் வராமல் கத்தினால் குழாய் அடைத்திருக்கிறது என்று பொருள். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். அன்றைக்கே கால்நடை மருத்துவரிடம் போக வேண்டிய பூனை அது. எத்தனை பூனைகள் அந்த வலியோடு சாக்குக்குள் போயினவோ!

நோயும் இல்லையென்றால் வீட்டைப் பார்க்க வேண்டும். பத்தாயத்தில் நெல் கிடந்த காலத்தில் பூனை ஒரு வேலைக்காரன். எலி பிடித்தது, ஓட்டின்மேல் படுத்தது, புறவாசல் மணலில் குழி தோண்டிக் காரியத்தை முடித்து மூடிவிட்டு வந்தது. இன்றைக்கு முற்றம் முழுக்க இன்டர்லாக் கல், உள்ளே டைல்ஸ், வாசலில் கிரில் கேட். தோண்டுவதற்கு அந்த வீட்டில் மெத்தையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? ஒரு பழைய பிளாஸ்டிக் பேசினில் மூன்று விரல் உயரத்துக்கு மணல் போட்டு, சோற்றுத் தட்டுக்குத் தூரமாக, ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில் வைத்து, தினமும் அள்ளிக் கொட்டினால் பாதிப் புகார் தீரும். இதைச் செய்யாமல் பூனைக்குப் புத்தி இல்லை என்பது அநியாயம்.

நாற்றம் போக பினாயில் ஊற்றுவது அதைவிட மோசம். பினாயில் வகை மருந்துகளைக் கழித்து வெளியேற்றும் சக்தி பூனையின் ஈரலுக்கு மிகக் குறைவு. காலில் பட்டதை நக்கினாலே விஷம். (காய்ச்சலுக்கு மனிதர் போடும் பாரசிட்டமால் ஒரே ஒரு மாத்திரை பூனையைக் கொல்லப் போதும். பாவப்பட்டுக் கொடுத்துக் கொன்றவர்கள் உண்டு.) சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவித் துடைத்தால் போதும். வாசனை கொஞ்சம் மிஞ்சினாலும் பூனை அதே இடத்துக்கு வரும், ஆகவே ஒன்றுக்கு மூன்று முறை.

எல்லாம் செய்தும் திருந்தாத பூனை உண்டு. சர்க்கரை வியாதி உள்ள பாட்டியின் காலைப் பிறாண்டுகிற பூனையை வைத்திரு என்று யாரும் சொல்ல முடியாது. அதற்கு வேறு வீடு தேடலாம், குறையை மறைக்காமல் சொல்லிக் கொடுக்கலாம். ஆனால் கடித்த பூனையை உடனே கொண்டுபோய் விடுவது போன்ற மடத்தனம் வேறில்லை. பூனையின் பல் ஊசி போல ஆழமாக இறங்கும், மேலே சின்னப் புள்ளிதான் தெரியும், உள்ளே சீழ் பிடிக்கும். பூனையாலும் வெறிநோய் வரும். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். தடுப்பூசியை உடனே தொடங்கிவிடுவார்கள். கடித்த பூனையை 10 நாள் அடைத்து வைத்துக் கவனிக்கச் சொல்வார்கள். அது நன்றாக இருந்தால் கடிபட்ட நேரத்தில் வெறிநோயைப் பரப்பும் நிலையில் இல்லை என்று தெரியும், மீதி ஊசி வேண்டுமா என்று மருத்துவர் முடிவு செய்வார். பூனை எங்கே என்று அவர் கேட்கும்போது, அது சாக்கோடு ஆற்றுக்கு அந்தப் பக்கம் போய் இரண்டு மணி நேரம் ஆகியிருக்கும்.