வால்டர் ஜான்சன் இன்று வந்து நின்றால்...

2018-ல் ஆடம் ஒட்டாவினோ என்ற பேஸ்பால் பிட்சர் ஒரு பேட்டியில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். பேப் ரூத் இப்போது எதிரே வந்து நின்றால் ஒவ்வொரு முறையும் ஸ்ட்ரைக்-அவுட் ஆக்கி அனுப்பிவிடுவேன் என்று அவர் சொல்ல, பழைய ரசிகர்கள் பொங்கி எழுந்துவிட்டார்கள். பேஸ்பாலில் பேப் ரூத் சாமி மாதிரி. சாமி மேலேயே கை வைத்தால் சும்மா விடுவார்களா?

சண்டை எல்லாம் ரூத் என்ற பேட்டரைப் பற்றியே நடந்தது. அந்தக் கேள்வியைத் திருப்பிப் போட்டால்தான் சுவாரசியம். அந்தக் காலத்து மகா பிட்சர்கள் இன்றைய பேட்டர்களிடம் தாக்குப்பிடிப்பார்களா? (கிரிக்கெட் மட்டும் பார்ப்பவர்களுக்கு: பிட்சர் ஓடி வருவதில்லை. ஒரு மண்மேட்டில் நின்ற இடத்திலிருந்தே, 60 அடி 6 அங்குலம் தள்ளியிருக்கும் தட்டை நோக்கி எறிவார். பந்து தரையில் குத்தாது. ஆட்டத்துக்கு 9 இன்னிங்ஸ்.)

இந்தக் கேள்வி வந்தாலே எல்லோரும் முதலில் பேசுவது வேகத்தைத்தான். வாஷிங்டன் அணிக்காக 1907 முதல் 1927 வரை ஆடி 417 வெற்றிகள் குவித்த வால்டர் ஜான்சனின் பந்தை 1912-ல் ஒரு துப்பாக்கித் தொழிற்சாலையின் கருவியில் அளந்தார்கள். மணிக்கு சுமார் 83 மைல். இன்று ஒரு சாதாரண பிட்சரின் ஃபாஸ்ட்பாலே சராசரியாக 94 மைல் போகிறது. "அவ்வளவுதான், ஜான்சன் காலி" என்று முடித்துவிடுகிறார்கள்.

அவசரப்பட வேண்டாம். எந்த இடத்தில் அளந்தார்கள் என்பதுதான் விஷயமே. இன்றைய கருவிகள் கையை விட்டு வெளியேறிய உடனே பந்தைப் பிடித்துவிடுகின்றன. தட்டுக்குப் போய்ச் சேருவதற்குள் பந்து கிட்டத்தட்ட 8, 9 சதவீத வேகத்தை இழந்துவிடும். 1946-ல் பாப் ஃபெல்லரின் பந்தை ராணுவக் கருவி ஒன்றால் அளந்தபோது 98.6 மைல் காட்டியது, அதுவும் தட்டின் அருகே! 'ஃபாஸ்ட்பால்' என்ற ஆவணப்படத்தில் இதையெல்லாம் இன்றைய அளவுக்கு மாற்றிக் கணக்குப் போட்டு ஜான்சனுக்கு 93.8, ஃபெல்லருக்கு 107.6 என்று சொன்னார்கள். அரால்டிஸ் சாப்மன் 2010-ல் எறிந்த 105.8 மைல்தான் இன்றுவரை பதிவான அதிகபட்சம். அப்படியிருக்க ஃபெல்லருக்கு 107 என்பது கொஞ்சம் தாராளக் கணக்குதான். ஆனால் ஒன்று நிச்சயம். அந்தக் காலத்து ஆட்களின் கையில் வேகம் இல்லை என்ற பேச்சு எடுபடாது.

உண்மையான பிரச்சினை வேறு. அன்றைய பிட்சரும் இன்றைய பிட்சரும் பார்ப்பது ஒரே வேலை அல்ல.

நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியின் கிறிஸ்டி மாத்யூசன் 'பிட்சிங் இன் எ பிஞ்ச்' என்று 1912-ல் ஒரு புத்தகமே கொண்டுவந்தார். நெருக்கடியில் எறிவது என்று அர்த்தம். முழு பலத்தையும் ஆபத்தான நேரத்துக்காகச் சேமித்து வைக்க வேண்டும், மற்ற நேரத்தில் நிதானமாக எறிந்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான் அன்றைய பாணி. அது எப்படி முடிந்தது? அன்று ஹோம் ரன் அபூர்வம். 1916-ல் ஜான்சன் 369 இன்னிங்ஸுக்கு மேல் எறிந்து ஒரு ஹோம் ரன்கூடக் கொடுக்கவில்லை! அழுக்கேறி மெத்தென்று ஆன ஒரே பந்தை வெகுநேரம் ஓட்டுவார்கள். அதில் எச்சில் தடவவும் தடையில்லை. 1920-ல் எச்சில் பந்துக்குத் தடை வந்தது. அதே வருடம் ரே சாப்மன் (இவர் வேறு சாப்மன்) தலையில் பந்து பட்டு இறந்த பிறகு, அழுக்கான பந்தை உடனுக்குடன் மாற்றுவதில் கண்டிப்பும் வந்தது. இன்று ஒன்பதாவதாக வரும் பேட்டரும் அசந்தால் பந்தைக் கூட்டத்துக்குள் அனுப்பிவிடுவார். 2019-ல் மட்டும் மொத்தம் 6,776 ஹோம் ரன்கள். இவர்களிடம் போய் "நிதானமாக எறிகிறேன்" என்றால் மூன்றாவது இன்னிங்ஸிலேயே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

ஆகவே கால இயந்திரத்தில் ஏற்றி அப்படியே கொண்டுவந்து இறக்கினால், 1920-க்கு முந்தையவர்களில் பலர் அடி வாங்குவார்கள். 511 வெற்றிகள் கண்ட சை யங் உட்பட. ரசிகர்களுக்குக் கசந்தாலும் வேறு வழியில்லை. இன்னொரு கசப்பும் இருக்கிறது. 1947-ல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை பெரிய லீக்குகள் கறுப்பின வீரர்களை வெளியே நிறுத்தி வைத்திருந்தன. ஜோஷ் கிப்சன் போன்ற ஒரு பேட்டரை லீக் ஆட்டத்தில் சந்திக்காமலேயே ஃபெல்லர்கூடத் தன் சாதனைகளில் பெரும்பங்கைச் செய்து முடித்துவிட்டார். அந்தப் புள்ளிவிவரங்களைப் படிக்கும்போது இதைக் கழித்துக்கொண்டுதான் படிக்க வேண்டும்.

சரி, இதே ஜான்சன் 2000-த்தில் பிறந்திருந்தால்? பயிற்சி, சாப்பாடு, வீடியோ எல்லாம் கிடைத்து 98 மைல் எறிவார், சந்தேகமில்லை. ஆனால் ஐந்து, ஆறு இன்னிங்ஸில் கையிலிருந்து பந்தை வாங்கிக்கொள்வார்கள். ஒவ்வொரு பந்தையும் முழு பலத்தோடு எறியச் சொல்வார்கள். முழங்கையில் ஒரு அறுவை சிகிச்சையும் நடந்திருக்கலாம். வேகத்தைத் துரத்துவதும், ஓயாமல் முழு பலத்தைப் போடுவதும்தான் காயங்களுக்கு முக்கியக் காரணம் என்று மேஜர் லீக் நிர்வாகமே 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையில் ஒப்புக்கொண்டது. பாப் கிப்சன் 1968-ல் தனி ஆளாக 28 ஆட்டங்களை முதலிலிருந்து கடைசிவரை எறிந்து முடித்தார். 2022, 2023, 2024-ல் 30 அணிகளும் சேர்ந்தே ஒரு வருடத்துக்கு 40 ஆட்டங்களை அப்படி முடிக்கவில்லை. இன்றைய பையன்கள் சோம்பேறிகள் என்று இதற்கு அர்த்தமில்லை. அந்த வேலையையே எடுத்துவிட்டார்கள். ஜான்சனின் கை இன்றும் பிழைத்துக்கொள்ளும், மாத்யூசனின் மூளைக்குத்தான் இன்று வேலை குறைவு. அதுதான் பெரிய நஷ்டம்.

சூழ்நிலை மாறினால் எல்லோரும் விழுந்துவிடுவார்கள் என்றும் இல்லை. 1968-ல் கிப்சனின் ஈ.ஆர்.ஏ. 1.12. பேட்டர்கள் பாவம் என்று மறு வருடமே மண்மேட்டை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்தார்கள். கிப்சன் என்ன செய்தார்? 1969-லும் 20 வெற்றிகள், 2.18, மறுபடியும் 28 முழு ஆட்டங்கள். நோலன் ரயன் 1966-ல் தொடங்கி 1993 வரை எறிந்தார். ஏழாவது நோ-ஹிட்டரை, அதாவது எதிரணிக்கு ஒரு ஹிட்டும் தராத ஆட்டத்தை, 1991-ல் 44 வயதில் ஆடினார். அப்போது எதிரே நின்றவர்களில் சிலர் அவர் முதன்முதலில் பெரிய லீக்கில் எறிந்தபோது பிறந்தே இருக்கவில்லை.

இந்த விவாதத்தில் யாரும் சாட்சிக்குக் கூப்பிடாத ஆள் சாட்சல் பேஜ். கறுப்பர் லீக்குகளில் இருபது வருடம் எறிந்துவிட்டு, 1948-ல் 42 வயதில்தான் பெரிய லீக்கில் கால் வைத்தார். வந்த வருடமே 6 வெற்றி, 1 தோல்வி. 1965-ல் கூட்டம் சேர்ப்பதற்காக கேன்சஸ் சிட்டி அணி முதலாளி அவரை மறுபடி கூட்டிவந்து, மைதானத்தில் சாய்ந்தாடும் நாற்காலி போட்டு, பக்கத்தில் ஒரு நர்ஸையும் நிறுத்தி வேடிக்கை காட்டினார். எதிரே பாஸ்டன் அணி. 59 வயதுப் பேஜ் எழுந்து போய் மூன்று இன்னிங்ஸ் எறிந்தார். ஒரு ரன்கூடப் போகவில்லை. கிடைத்த ஒரே ஹிட் கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கிக்கு.