எல்லாம் ட்ரவுட் இல்லை

"எல்லாம் ட்ரவுட்தானே, பொரிச்சால் ஒரே ருசிதான்." மொன்றியலில் தூண்டில் பிடிக்கும் எங்கட ஆக்களில் பாதிப் பேர் சொல்லும் வசனம் இது. மாமாமார் சொல்கிறார்கள், சித்தப்பாமார் சொல்கிறார்கள். இப்ப எங்கட வயசுக்காரரும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். இந்த வசனம் பிழை. பிழை மட்டுமில்லை, செலவும் வைக்கும், ஏரிக்கும் கேடு செய்யும்.

முதலில் ஒரு கேள்வி. கடையில் பாரையைக் காட்டி "இது விளைமீன்" என்று யாராவது சொன்னால் உங்கட அம்மம்மா சும்மா இருப்பாவா? ஒட்டிக்கும் ஓராவுக்கும் வித்தியாசம் தெரியாதவனை அவ மனிசனாகவே மதிக்கமாட்டா. மீனைப் பெயர் சொல்லிப் பிரித்தறிவது எங்கட சனத்துக்குப் புதிதில்லை. கடல் மீனுக்கு அத்தனை பெயர் வைத்த ஆக்கள், கியூபெக் ஏரிக்கரையில் நின்றவுடன் எல்லாவற்றையும் ஒரே சொல்லுக்குள் அடைப்பது ஏன்? மலையில் நுவரெலியாப் பக்கம் ட்ரவுட் இருந்ததே என்று சிலர் சொல்வார்கள். இருந்தது. ஆனால் அது வெள்ளைக்காரர் 19-ம் நூற்றாண்டில் முட்டையாகக் கொண்டுவந்து விட்ட மீன். நீலகிரியிலும் அதே கதை. எங்கட ஊர்களில் இந்தக் குடும்பத்து மீன் இயற்கையாக இருந்ததில்லை. அதனால் பழைய பெயர்கள் இல்லாதது குற்றமில்லை. புதிதாகப் படிக்காமல் விடுவதுதான் குற்றம்.

சரி, என்ன இருக்கிறது இங்கே? இந்த மாகாணத்துக்குச் சொந்தமானது "மூஷ்தே". பிரெஞ்சில் அதன் முறையான பெயர் ஓம்ப்ல் த ஃபொன்தேன். ஆழமான ஏரிகளில் இருப்பது "துலாடி". உண்மையில் இவை இரண்டும் ட்ரவுட்டே இல்லை, சார் என்ற வேறு பிரிவு. மேற்கு அமெரிக்காவில் இருந்து கொண்டுவரப்பட்டது வானவில் ட்ரவுட். ஐரோப்பாவில் இருந்து வந்தது பழுப்பு ட்ரவுட். இந்த இரண்டும் லஷீன் பக்கத்து நீரோட்டத்தில் பிடிபடும். இதற்கு மேல் மூலாக், லாக்மூ என்று கலப்புகளும் உண்டு. ஆண் மூஷ்தேயையும் பெண் துலாடியையும் சேர்த்து வளர்ப்பது மூலாக். பெற்றோரை மாற்றிப் போட்டால் லாக்மூ. பெயரே பாதி பாதியாக ஒட்டியதுதான்.

பிரிப்பது கடினமில்லை. முதலில் புள்ளியைப் பாருங்கள். கருமையான உடம்பில் வெளிர் புள்ளி என்றால் சார். வெளிர் உடம்பில் கறுப்புப் புள்ளி என்றால் ட்ரவுட் அல்லது சால்மன். இந்த ஒரு கேள்வியிலேயே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

சார் என்றால் முதுகைப் பாருங்கள். புழு ஊர்ந்த தடம் போல வளைகோடுகள், பக்கத்தில் நீல வளையத்துக்குள் சிவப்புப் புள்ளி, அடிச் செட்டையின் முன் ஓரத்தில் வெள்ளைக் கோடும் அதை ஒட்டிக் கறுப்புக் கோடும், வாலோ கிட்டத்தட்ட நேராக வெட்டியது போல. இது மூஷ்தே. சிவப்புப் புள்ளி இல்லை, வெளிறிய புள்ளி தலையிலிருந்து வால்வரை, வால் ஆழமாகப் பிளந்தது என்றால் துலாடி. மூலாக் இரண்டுக்கும் நடுவே நிற்கும். வால் கொஞ்சம்தான் பிளந்திருக்கும். புள்ளிகளும் நடுத்தரமாக இருக்கும்.

கறுப்புப் புள்ளி மீன்களில் வால்தான் சாட்சி. வால் முழுக்க வரிசையாகப் புள்ளி ஓடினால் வானவில். வாலில் புள்ளி அனேகமாக இல்லாமல், பக்கத்தில் சிவப்புப் புள்ளி இருந்தால் பழுப்பு. நிறத்தை மட்டும் நம்பாதீர்கள். பெரிய ஏரியில் வளர்ந்த மீன் வெள்ளி நிறமாகிப் புள்ளிகள் மங்கிப் போகும். அப்போது வடிவமும் வாயும்தான் கைகொடுக்கும்.

இப்ப எதிர்வாதங்களுக்கு வருவோம்.

"ஏன் இவ்வளவு அலட்டல்? பிடிச்சம், தின்டம்." சட்டம் அப்படிப் பார்ப்பதில்லை. கியூபெக்கில் எத்தனை மீன் வைத்திருக்கலாம் என்பது வலயத்துக்கும் இனத்துக்கும் ஏற்ப மாறும். மொன்றியல் இருப்பது 8-ம் வலயத்தில். வார இறுதியில் லோரன்டீட் ஏரிக்குப் போனால் வலயம் மாறிவிடும். துலாடிக்குத் தனி வரம்பு, பல ஏரிகளில் அளவு வரம்பும் உண்டு. காரணம் உண்டு: துலாடி மெதுவாக வளரும், முட்டையிடும் வயதுக்கு வர பல ஆண்டு எடுக்கும். பெரிய துலாடி ஒன்றை எடுத்தால் அந்த ஏரி அதை ஈடுசெய்ய நீண்ட காலம் ஆகும். "மூஷ்தே எண்டு நினைச்சன்" என்பது வனவிலங்கு பாதுகாப்பு அதிகாரியிடம் செல்லுபடியாகாது. மீனை இனம் தெரியாதபடி வெட்டித் துண்டாக்கிக் குளிர்ப்பெட்டியில் போட்டாலும் பிரச்சினைதான்.

இதைவிட விலை கூடிய பிழை ஒன்று உண்டு: அட்லாண்டிக் சால்மனைப் பழுப்பு ட்ரவுட் என்று எடுப்பது. சால்மனுக்குத் தனி உரிமமும், மீனில் பூட்டவேண்டிய அடையாளப் பட்டியும் வேண்டும். பழுப்பின் மேல்தாடை கண்ணைத் தாண்டிப் பின்னுக்குப் போகும், வால் அடி தடித்திருக்கும். சால்மனுக்கு வால் அடி ஒடுங்கி, கையால் பிடிக்கத் தோதாக இருக்கும்.

"ஃபோன் செயலி சொல்லும்." படம் எடுத்துச் சொல்லும் செயலி உதவலாம், ஆனால் மூலாக்கையும் துலாடியையும் அதனால் உறுதியாகப் பிரிக்க முடியாது. விஞ்ஞானிகளே வயிற்றைத் திறந்து குடலோடு ஒட்டிய விரல் போன்ற பைகளை எண்ணித்தான் உறுதிப்படுத்துகிறார்கள்: மூஷ்தேயில் ஏறக்குறைய 23 முதல் 55, கலப்பில் 65 முதல் 85, துலாடியில் 93-க்கு மேல். அதை எண்ணும்போது மீன் செத்திருக்கும். ஆகவே விடுவதா வைப்பதா என்ற முடிவை எடுக்கவேண்டியது மீன் உயிரோடு கையில் இருக்கும் அந்தச் சில விநாடிகளில், உங்கட கண்தான்.

"கலப்பு மீன்தானே, எங்களைப் போல." இந்தக் கவிதையைத் தயவுசெய்து நிறுத்துங்கள். மூலாக்கை மனிதன் குஞ்சுப் பண்ணையில் செய்தான், வேகமாக வளரும், பெரிதாகும் என்பதற்காக. நாங்கள் யாருடைய தூண்டிலுக்காகவும் வளர்க்கப்படவில்லை. உவமைக்கு மீனைத் தேடாமல், மீனை மீனாகப் பாருங்கள்.

"இது வெள்ளைக்காரரின் பொழுதுபோக்கு." இல்லை. இந்த ஆறுகளில் முதலில் மீன் பிடித்தவர்கள் முதற்குடிகள். அவர்களுடைய வாழ்க்கையும் இந்த மீன்களோடு பின்னிப் பிணைந்தது. இங்கே இரண்டாம் தலைமுறையாக வாழ்கிறோம் என்றால் இந்த நிலத்தின் உயிர்களையும் பெயர் சொல்லித் தெரிந்திருக்கவேண்டும். வானவில்லும் பழுப்பும் உலகின் மிக மோசமான 100 ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இருக்கின்றன. சொந்த மீனை வந்த மீனில் இருந்து பிரிக்கத் தெரியாதவனுக்கு, எது குறைந்துபோகிறது என்றும் தெரியாது.

இதில் எங்களுக்குத்தான் தனிப் பொறுப்பு. 1977-இன் 101-ம் சட்டத்தால் எங்களில் பலர் பிரெஞ்சுப் பள்ளிகளில் படித்தோம். அப்பாவுக்கு வாசிக்கக் கஷ்டமான விதிப்புத்தகத்தை நாங்கள் ஐந்து நிமிடத்தில் வாசிக்கலாம். வங்கிக் கடிதம், வாடகைப் பத்திரம் எல்லாம் மொழிபெயர்த்துக் கொடுத்த ஆக்கள் நாங்கள். படகுத்துறையில் மட்டும் ஏன் ஹெட்ஃபோன் போட்டுக்கொண்டு நிற்கிறோம்? உங்கட குடும்பத்துக்கு வரும் அபராதம் பிடித்தவருக்கு மட்டும் உரியதில்லை. வாசிக்கக்கூடிய நீங்கள் வாசிக்காமல் விட்டதற்கும் உரியது.

வேலை சிறியது. போகுமுன் எந்த வலயம், எந்த ஏரி என்று பாருங்கள். மூஷ்தே, துலாடி, மூலாக், வானவில், பழுப்பு, சால்மன் ஆறின் படத்தையும் ஃபோனில் சேமியுங்கள். 6 முதல் 17 வயதுத் தம்பி தங்கை இருந்தால் "பெஷ் ஆன் எர்ப்" நிகழ்ச்சிக்குக் கூட்டிப்போங்கள், 18 வயதுவரை செல்லும் உரிமம் கிடைக்கும். மீன் கையில் வந்தால் கையை நனைத்துப் பிடியுங்கள். புள்ளி, முதுகு, செட்டை, வால் என்ற வரிசையில் பாருங்கள். பெயர் சொல்ல முடியாவிட்டால் தண்ணீரில் விடுங்கள். "எல்லாம் ட்ரவுட்தானே" என்று மாமா சொன்னால், மரியாதையாக, ஆனால் உறுதியாக, "இல்லை மாமா, இது துலாடி" என்று சொல்லுங்கள்.