48 மணி நேரம்

கடலூர் மாவட்டம் குமராட்சிப் பக்கம் ஒரு கிராம நிர்வாக அலுவலர் பட்டா மாறுதலுக்குக் கைநீட்டி லஞ்ச ஒழிப்புப் போலீஸிடம் மாட்டிக்கொள்கிறார் என்று வைத்துக்கொள்வோம். ரசாயனம் தடவிய நோட்டு, விரலை நனைத்ததும் இளஞ்சிவப்பாக மாறும் தண்ணீர், மறுநாள் மாவட்டப் பக்கத்தில் நாலு வரிச் செய்தி. காவலில் 48 மணி நேரத்தைத் தாண்டினால் போதும், அரசு ஊழியர்களுக்கான ஒழுங்கு விதிகளின்படி அவர் இடைநீக்கம் ஆனவராகவே கருதப்படுவார். வழக்கு நடக்கும், பிழைப்பூதியம் வரும், விடுதலையானால் வேலைக்குத் திரும்பலாம். தீர்ப்பு வருவதற்குள் நாற்காலியை எப்படிப் பறிக்கலாம் என்று ஊரில் ஒருவரும் கேட்பதில்லை. ஊராட்சித் தலைவருக்கு விதி இன்னும் கறார். 1994-ஆம் ஆண்டு தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின் 205-ஆவது பிரிவின்படி, தலைவர் அதிகாரத்தைத் தவறாகப் பயன்படுத்தினார் என்று கருதினால் மாவட்ட ஆட்சியர் அவரிடம் விளக்கம் கேட்கலாம். வட்டாட்சியரைக் கொண்டு ஊராட்சி மன்றத்தின் கருத்தை அறிந்தபின் பதவியிலிருந்தே நீக்கலாம். நீதிமன்றத் தண்டனை எதுவும் தேவையில்லை. (மக்கள் தேர்ந்தெடுத்தவரை ஓர் அதிகாரி நீக்குவது சரிதானா என்பது தனி வழக்கு. எனக்கு அதில் உடன்பாடு குறைவு.)

இந்தக் கண்டிப்பு மேலே போகப் போகக் கரைந்துவிடுகிறது. ஒன்றியத்தைத் தாண்டி, சட்டமன்றத்தைத் தாண்டி, நாடாளுமன்றத்துக்குப் போனால் “வழக்கைச் சட்டப்படி சந்திப்பேன்” என்ற ஒரே வாக்கியம் மிஞ்சுகிறது. குற்றம் நிரூபணமாகும்வரை ஒருவர் நிரபராதி என்ற கோட்பாட்டில் எனக்குத் துளியும் சந்தேகம் இல்லை. அது ஒரு மனிதனைச் சிறையிலிருந்து காப்பதற்காக நூற்றாண்டுகள் போராடி அடைந்த உரிமை. அதையே பதவிக்குக் காப்பீட்டுப் பத்திரமாக மாற்றிக்கொண்டதுதான் நம் அரசியலின் பெரிய மோசடி. சிறைக்கு அனுப்ப ஐயத்துக்கு இடமில்லாத சாட்சியம் வேண்டும். பொதுப் பொறுப்பில் தொடர, ஊராரின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் நிலையிலாவது இருக்க வேண்டும். இரண்டும் வேறு வேறு அளவுகோல்கள்.

கடலூர் மாவட்டத்திலேயே இதற்கு உதாரணம் இருக்கிறது. பண்ருட்டியை அடுத்த பணிக்கன்குப்பத்தில், அப்போதைய கடலூர் எம்.பி. டி.ஆர்.வி.எஸ். ரமேஷுக்குச் சொந்தமான முந்திரித் தொழிற்சாலையில் 2021 செப்டம்பரில் ஒரு தொழிலாளி இறந்துபோனார். முந்திரி திருடியதாகச் சொல்லி அடித்தே கொன்றுவிட்டார்கள் என்பது குடும்பத்தினரின் குற்றச்சாட்டு. காயங்களோடு இரவில் அவரைக் காடாம்புலியூர் காவல் நிலையத்துக்குக் கொண்டுபோனார்கள், மருத்துவமனையில் சேர்க்கும்படி அங்கே சொல்லி அனுப்பினார்கள், ஆனால் திரும்பவும் தொழிற்சாலைக்கே கொண்டுபோகப்பட்டார் என்று அப்போது செய்திகள் வந்தன. அடிபட்ட மனிதனை ஒரு காவல் நிலையத்தின் வாசலிலிருந்து, யார்மீது புகாரோ அவர்கள் கையிலேயே திருப்பி அனுப்ப முடிந்திருக்கிறது என்றால், அந்தத் தொழிற்சாலை யாருடையது என்ற கேள்வி எழாமல் இருக்குமா? சந்தேக மரணமாகத் தொடங்கிய வழக்கு சி.பி.சி.ஐ.டி. கைக்குப் போனபின் கொலை வழக்கானது. அக்டோபர் 11 அன்று எம்.பி. பண்ருட்டி நீதிமன்றத்தில் சரணடைந்தார். குற்றச்சாட்டை அவர் மறுத்தார். பிறகு ஜாமீனில் வந்தார்.

அவர் குற்றவாளியா என்பது நீதிமன்றத்தின் வேலை. இந்தப் பத்தி அதைத் தொடாது. என் கவனம் வேறிடத்தில் இருக்கிறது. தன்னைச் சாக்கிட்டு எதிர்க்கட்சிகள் தி.மு.க.வையும் அதன் தலைமையையும் தூற்ற இடம் தரக் கூடாது என்பதே சரணடைய அவர் சொன்ன காரணம். அதாவது, தன்மேல் உள்ள குற்றச்சாட்டு கட்சியின் பெயரைக் கெடுக்கும் என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. அது கடலூர் வாக்காளரின் பெயரையும் கெடுக்கும் என்பது மட்டும் யாருக்கும் தோன்றவில்லை. கொலை வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவராகவே அவர் தன் மீதிப் பதவிக்காலம் முழுவதையும் எம்.பி.யாகக் கழித்தார். 2024 தேர்தலில் தொகுதி கூட்டணிப் பங்கீட்டில் காங்கிரசுக்குப் போனது, விஷ்ணு பிரசாத் வென்றார். கூட்டணிக் கணக்கே விடை எழுதிவிட்டதால், இந்த வழக்கைப் பற்றிக் கட்சி வாக்காளருக்கு விளக்கம் சொல்ல வேண்டிய கட்டாயம் எழாமலே போயிற்று.

அந்தத் தொழிலாளியின் மரணத்துக்கு ஓராண்டு முன்பு, 2020 அக்டோபரில், சிதம்பரத்துக்கு அருகே தெற்குத் திட்டை ஊராட்சியிலிருந்து ஒரு படம் வெளிவந்தது. மன்றக் கூட்டம் நடக்கிறது. உறுப்பினர்கள் நாற்காலியில் இருக்கிறார்கள். பட்டியலினத்தைச் சேர்ந்த பெண் தலைவர் தரையில் உட்கார்ந்திருக்கிறார். படம் பரவியதும் அரசு இயந்திரம் பாய்ந்தது. ஊராட்சிச் செயலர் இடைநீக்கம் ஆனார், துணைத் தலைவர்மேல் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவானது. நல்லது, அப்படித்தான் நடந்திருக்க வேண்டும். தீண்டாமை பற்றி நாடு முழுவதும் ஆராய்ந்து 1969-இல் அறிக்கை கொடுத்த இளையபெருமாள் பிறந்த காட்டுமன்னார்கோவில் இங்கிருந்து கூப்பிடு தூரம். அரை நூற்றாண்டு கழித்தும் இப்படி ஒரு படம் வந்தது என்பது வேறு வேதனை. இங்கே நான் பார்ப்பது நடவடிக்கையின் வேகத்தை. ஊராட்சிச் செயலர்மேல் உடனே பாய முடிந்த கை, எம்.பி. விஷயத்தில் கட்டிப்போடப்பட்டிருந்தது. கட்டியது சட்டம் என்பார்கள். எம்.பி.யை இடைநீக்கம் செய்யச் சட்டம் இல்லைதான். ஆனால் கட்சி தன் உறுப்பினரை ஒதுக்கிவைக்க எந்தச் சட்டமும் தேவையில்லையே. 2025 ஏப்ரலில் அமைச்சர் பொன்முடியின் ஆபாசப் பேச்சு காணொளியாகப் பரவியதும், 11-ஆம் தேதியே அவருடைய கட்சிப் பொறுப்பைத் தி.மு.க. பறித்தது. மனமிருந்தால் கட்சிக்கு நீதிமன்றத் தீர்ப்பும் வேண்டாம், விசாரணை ஆணையமும் வேண்டாம்.

சட்டத்தின் விடுதலையும் பொது வாழ்வின் தகுதியும் ஒன்றல்ல என்று சொல்வது ஏதோ அறிவுஜீவிகளின் அதிகப் பிரசங்கம் என்று நினைப்பவர்கள் டான்சி வழக்கை நினைவுபடுத்திக்கொள்ள வேண்டும். முதலமைச்சராக இருந்த காலத்தில் ஜெயலலிதா பங்குதாரராக இருந்த நிறுவனங்கள், அரசு நிறுவனமான டான்சியின் நிலத்தை வாங்கின. அமைச்சர்களுக்கான நடத்தை நெறிகள் அதைத் தடுக்கின்றன. 2003 நவம்பரில் உச்ச நீதிமன்றம் அவர் விடுதலையை உறுதிசெய்தது. அந்த நெறிகளுக்குச் சட்ட பலம் இல்லை, ஆகவே மீறினாலும் தண்டிக்க முடியாது என்பது தீர்ப்பின் சாரம். ஆனால் நீதிபதிகள் அதோடு நிறுத்தவில்லை. மனசாட்சிக்குப் பதில் சொல்லும் வகையில் நிலத்தை எந்த நிபந்தனையும் இல்லாமல் டான்சியிடமே திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றும் சொன்னார்கள். குற்றவாளி இல்லை என்று சொன்ன அதே தீர்ப்பு, செய்தது சரியில்லை என்றும் சொல்கிறது. தொண்டர்கள் முதல் பாதியை வெடி வெடித்துக் கொண்டாடினார்கள். இரண்டாம் பாதியை இன்று எத்தனை பேருக்கு நினைவிருக்கும்?

மக்கள் தேர்ந்தெடுத்துவிட்டார்களே, அதைவிடப் பெரிய தீர்ப்பு உண்டா என்று கேட்பார்கள். இந்த வாதமும் தமிழ்நாட்டில்தான் சோதிக்கப்பட்டது. 2001 மே மாதம் அ.தி.மு.க. பெரும் வெற்றி பெற்றது. டான்சி வழக்கில் அப்போது தண்டனை பெற்றிருந்ததால் தேர்தலில் நிற்கவே முடியாத ஜெயலலிதாவுக்கு ஆளுநர் பாத்திமா பீவி முதலமைச்சராகப் பதவிப் பிரமாணம் செய்துவைத்தார். செப்டம்பர் 21 அன்று உச்ச நீதிமன்றம் அந்த நியமனம் செல்லாது என்றது. மக்களின் ஆதரவு அரசியல் சட்டத்தை மீறும் அனுமதியாகிவிடாது என்று அன்றே முடிவாகிவிட்டது. இதற்குமேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கனமான ஆட்சேபம் இன்னொன்று. குற்றச்சாட்டு வந்தாலே விலக வேண்டும் என்றால், பிடிக்காதவர்மேல் ஒரு வழக்கைப் போட்டு ஆளையே காலிசெய்துவிடலாமே? இது வெறும் பயமல்ல. பத்தாண்டுகளில் அரசியல்வாதிகள்மேல் அமலாக்கத் துறை பதிந்த வழக்குகள் 193, தண்டனையில் முடிந்தவை இரண்டே இரண்டு என்று 2025 மார்ச்சில் ஒன்றிய அரசே மாநிலங்களவையில் சொன்னது. இந்த லட்சணத்தில், 2025 ஆகஸ்டில் 130-ஆவது அரசியல் சட்டத் திருத்த மசோதா வந்தது. ஐந்தாண்டோ அதற்கு மேலோ தண்டனைக்குரிய குற்றச்சாட்டில் தொடர்ந்து முப்பது நாள் காவலில் இருந்தால் பிரதமரானாலும் முதல்வரானாலும் அமைச்சரானாலும் பதவி போகும். கடைநிலை ஊழியர் சில மணி நேரம் சிறையில் இருந்தாலே வேலை போகிறதே என்று பிரதமரும் அதற்கு வாதாடினார். நான் தொடக்கத்தில் சொன்ன ஒப்பீட்டைப் போலவே இருக்கிறதல்லவா? ஒரு வித்தியாசம் இருக்கிறது. கிராம நிர்வாக அலுவலரைப் பிடிப்பவர்களுக்கு அவருடைய நாற்காலியில் அரசியல் லாபம் இல்லை. மாநில முதல்வரைப் பிடிக்கும் அமைப்பு, அவரைத் தேர்தலில் எதிர்க்கும் கட்சியின் அரசுக்குக் கீழே இயங்கக்கூடியது. கைது என்ற காவல் துறைச் செயலைப் பதவி நீக்கத்தோடு தானாகவே முடிச்சுப்போடுவது ஜனநாயகத்துக்குப் பொறி வைப்பது. அந்த மசோதாவை எதிர்ப்பவர்களோடுதான் நானும் நிற்கிறேன்.

எதிர்த்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தால் அது கட்சி வக்கீல் வேலை ஆகிவிடும். மாற்று வழி 2014-லேயே சொல்லப்பட்டிருக்கிறது. நீதிபதி ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம் தன் 244-ஆவது அறிக்கையில், ஐந்தாண்டுக்குக் குறையாத தண்டனை தரத்தக்க வழக்குகளில் நீதிமன்றம் குற்றச்சாட்டு வனையும் கட்டத்தில் போட்டியிடத் தடை விதிக்கலாம் என்றது. எஃப்.ஐ.ஆர். போடுவது போலீஸ். குற்றச்சாட்டு வனைவது, இரு தரப்பையும் கேட்டபின், ஒரு நீதிபதி. வேட்புமனுப் பரிசீலனைக்கு முந்தைய ஓராண்டுக்குள் வனையப்பட்டவை கணக்கில் வராது என்று, கடைசி நேர ஜோடனை வழக்குகளுக்கும் அந்த அறிக்கை வேலி போட்டது. 2018-இல் இதை அமல்படுத்தக் கேட்டபோது, சட்டம் இயற்றுவது நாடாளுமன்றத்தின் வேலை என்று உச்ச நீதிமன்றம் ஒதுங்கிக்கொண்டது. நாடாளுமன்றம் இன்றுவரை இயற்றவில்லை. ஆளும் வரிசை, எதிர் வரிசை இரண்டும் ஒத்துப்போகும் அபூர்வமான விஷயங்களில் இதுவும் ஒன்று.

கட்சிகளைக் குறைசொல்லிக்கொண்டே போவதும் பாதி நியாயம்தான். மீதிப் பாதி நம்மிடம் இருக்கிறது. செந்தில் பாலாஜிமேல் போக்குவரத்துத் துறை வேலைக்குப் பணம் வாங்கிய புகார் எழுந்தபோது அவர் அ.தி.மு.க. அமைச்சர், அவரைச் சாடியது தி.மு.க. 2018-இல் அவர் தி.மு.க.வுக்கு வந்தார். 2023 ஜூனில் அமலாக்கத் துறை கைது செய்தபின் இலாகா இல்லாத அமைச்சராக எட்டு மாதம் தொடர்ந்தார். புகார் மாறவில்லை, பணம் கொடுத்து ஏமாந்தவர்கள் மாறவில்லை. கோபப்படும் ஆட்கள் மட்டும் இடம் மாறிக்கொண்டார்கள். பொள்ளாச்சி பாலியல் வன்கொடுமை வழக்கில் கொதித்தவர்களில் பலர் அண்ணா பல்கலைக்கழகப் பாலியல் வன்கொடுமை வழக்கில் நிதானம் கற்பித்தார்கள். அங்கே நிதானமாக இருந்தவர்கள் இங்கே கொதித்தார்கள். இரண்டு வழக்கிலும் 2025-இல் தண்டனை வந்துவிட்டது. அந்தப் பெண்களுக்கு எந்தக் கட்சியின் கொதிப்பும் தேவைப்படவில்லை. விசாரணையை யாரும் கெடுக்காமல் இருந்தால் போதும் என்பதே அவர்களுடைய தேவையாக இருந்திருக்கும். நம் கட்சிக்காரர்மேல் வரும் புகாரை, எதிர்க்கட்சிக்காரர்மேல் வந்ததாக நினைத்து ஒருமுறை படித்துப் பார்ப்பது சின்னப் பயிற்சிதான். எனக்கும் அது எளிதாக வருவதில்லை.

ஒருவர் தானாக விலகிய காலம் ஒன்றும் புராணமல்ல. 1956 நவம்பரில் அரியலூருக்கு அருகே மருதையாற்றில் ரயில் கவிழ்ந்து நூறு பேருக்கு மேல் செத்தார்கள். ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி ராஜிநாமா செய்தார். விபத்துக்கு அவர் பொறுப்பில்லை, ஆனாலும் நல்ல மரபுக்காக ஏற்கிறேன் என்ற பொருளில் நேரு நாடாளுமன்றத்தில் பேசினார். அரியலூரும் குமராட்சியும் இன்று ஒரே சிதம்பரம் மக்களவைத் தொகுதிக்குள் வருகின்றன. சாஸ்திரிகளுக்காகக் காத்திருக்கச் சொல்லவில்லை. அதைவிடக் கைக்கெட்டிய ஒன்று இருக்கிறது.

2020 பிப்ரவரி 13 அன்று உச்ச நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. குற்ற வழக்கு உள்ள ஒருவரை வேட்பாளராக்கினால், ஏன் இவர், வழக்கில்லாத வேறொருவர் ஏன் கிடைக்கவில்லை என்ற காரணத்தைக் கட்சி வெளியிட வேண்டும். வெற்றி வாய்ப்பு என்பது மட்டும் காரணமாகாது. அறிவிப்பு உள்ளூர் மொழிப் பத்திரிகையிலும் கட்சியின் இணையதளத்திலும் சமூக ஊடகப் பக்கத்திலும் வர வேண்டும். அதற்குப் பெயர் சி-7 படிவம். இப்போதுள்ள நிலையில் வேட்பாளரைத் தேர்ந்தெடுத்த, விசித்திரம் பாருங்கள், 48 மணி நேரத்துக்குள் அது வந்தாக வேண்டும். இதை மதிக்காததற்காக, பிகார் தேர்தலை ஒட்டி 2021-இல் பா.ஜ.க., காங்கிரஸ், மார்க்சிஸ்ட் உட்பட எட்டுக் கட்சிகளுக்கு உச்ச நீதிமன்றம் அபராதம் விதித்தது. அபராதம் லட்சக் கணக்கில்தான். தேர்தல் செலவில் அது டீக்காசு. அதனால் படிவத்தை நிரப்பும் கட்சிகளும் “சமூக சேவகர், மக்கள் செல்வாக்கு உள்ளவர், வழக்கு அரசியல் பழிவாங்கல்” என்று ஒரே அச்சில் வார்த்துத் தள்ளுகின்றன. படிக்க ஆளில்லை என்ற தைரியம்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் பிரசார வேன் குமராட்சிக்கு வரும்போது, அது எந்தக் கட்சி வேனாக இருந்தாலும், முக்கியமாக உங்கள் கட்சி வேனாக இருந்தால், வேட்பாளர்மேல் வழக்கு உண்டா என்று முதலில் கேளுங்கள். உண்டு என்றால், சி-7 படிவத்தில் அவர் பெயருக்கு நேரே என்ன எழுதினீர்கள் என்று கேட்டு, பதிலை அங்கேயே வாசித்துக் காட்டச் சொல்லுங்கள்.