‘உனக்கு வராது’ என்பதும் தீண்டாமைதான்

அம்பேத்கர் உயர்நிலைப் பள்ளியில் சமஸ்கிருதம் படிக்க ஆசைப்பட்டார். தீண்டப்படாத சாதிப் பையனுக்கு அது கிடையாது என்று மறுத்துவிட்டார்கள். பாரசீகம் எடுத்துப் படித்தார். மறுத்தவர்களிடம் ஒளிவுமறைவு இல்லை. ‘தரமாட்டேன்’ என்றார்கள். இன்றைக்கு நம்ம பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எடுக்கிற பலர் அப்படிச் சொல்வதில்லை. சட்டம் இருக்கிறது, வழக்கு வரும். அதனால் ‘வராது’ என்கிறார்கள். ‘தரமாட்டேன்’ என்றால் குற்றம் வாத்தியார் மேல். ‘வராது’ என்றால் குற்றம் பிள்ளையின் தலையில்.

இந்த ‘வராது’ வெறும் வாய்ப்பேச்சு இல்லை தோழர்களே, இதுதான் பாடம் நடத்தும் முறையாகவே மாறுகிறது. வாத்தியார் புத்தகத்தோடு ஒரு தீர்ப்பையும் கையில் எடுத்துக்கொண்டுதான் வகுப்புக்குள் நுழைகிறார். ‘வரும்’ என்று அவர் நம்புகிற பிள்ளையை எழுப்பி வாசிக்கச் சொல்கிறார். தடுமாறினால் காத்திருக்கிறார், திருத்துகிறார், மறுபடி சொல்ல வைக்கிறார். ‘வராது’ என்று முடிவு கட்டிய பிள்ளைக்கு ஒரு நொடிதான். அப்புறம் “உக்காரு.” அதோடு அந்தப் பிள்ளைக்குக் கரும்பலகையைப் பார்த்து எழுதுவதே ஆங்கிலம்.

பத்தாம் வகுப்பில் இதற்குப் பேரே இருக்கிறது: ‘மெல்லக் கற்போர்’. அவர்கள் கையில் தேர்ச்சிக்கு மட்டுமான ஒரு கையேடு. ரெண்டு மனப்பாடப் பாட்டு, ஒரு கடிதம், ஒரு பத்தி. “இத மட்டும் படி, 35 வந்துரும்.” வந்தும் விடுகிறது. ஆனால் சொந்தமாக ஒரு வாக்கியம் பேசாமலே அந்தப் பிள்ளை பள்ளியை விட்டு வெளியே வருகிறது. கல்லூரியில் பாடம் புரியாமல் முழிக்கும்போது, “அப்பவே சொன்னேன்ல” என்கிறார் வாத்தியார். அவருடைய நம்பிக்கைக்கான சாட்சியத்தை அவரே பத்து வருசமாகத் தயாரித்திருக்கிறார்.

கேட்டால் “வீட்டுச் சூழல் சரியில்லைங்க” என்பார்கள். தமிழ்நாட்டில் எத்தனை வீட்டில் அடுப்படியில் ஆங்கிலம் பேசுகிறார்கள்? ஊர்த்தெரு சம்சாரி வீட்டிலும்தான் பேசுவதில்லை. அங்கே இல்லாத ‘சூழல்’ சேரிக்கு மட்டும் எப்படி வந்தது? ‘சேரி’ என்ற சொல்லுக்குப் போட்ட சட்டைதான் ‘சூழல்’.

உச்சரிப்பும் அப்படித்தான். நம்ம பிள்ளை ‘இஸ்கூல்’ என்றால் வகுப்பே சிரிக்கிறது, வாத்தியாரும் சேர்ந்து சிரிக்கிறார். ஸ்பானிய மொழி பேசுகிறவரும் அந்தச் சொல்லுக்கு முன்னால் ஓர் உயிரெழுத்தைச் சேர்த்துத்தான் சொல்கிறார். அவரை யாரும் தெருப் பேரைச் சொல்லி இளிப்பதில்லை. ஒருமுறை சிரிப்புக்கு ஆளான பிள்ளை மறுமுறை வாய் திறக்காது. வாய் திறக்காமல் எந்த மொழியும் வராது.

இது என் மனக்குறை மட்டும் இல்லை. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்ற இரு ஆய்வாளர்கள் உத்தரப்பிரதேசக் கிராமப் பையன்களிடம் நடத்திய சோதனை 2004இல் வெளிவந்தது. வழி கண்டுபிடிக்கும் புதிர்களைக் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதவரை ஒடுக்கப்பட்ட சாதிப் பையன்கள் மற்றவர்களுக்குச் சமமாகவே செய்தார்கள். எல்லார் முன்னாலும் சாதியை அறிவித்ததும் அவர்கள் முடித்த புதிர்கள் குறைந்தன. அதே பையன், அதே மூளை. கூடச் சேர்ந்தது சாதிப் பேர் மட்டுமே.

இன்னொன்று நமக்கே உறைக்க வேண்டியது. ரேமா ஹன்னா, லீ லிண்டன் 2012இல் வெளியிட்ட ஆய்வில், விடைத்தாள்களின் முகப்பில் சாதியை மாற்றி மாற்றி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். கீழ்ச்சாதி என்று எழுதிய தாளுக்குச் சற்றே மதிப்பெண் குறைந்தது. குறைத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் ஒடுக்கப்பட்ட சாதி ஆசிரியர்கள். ‘வராது’ என்று கேட்டே வளர்ந்தவர் அதையே அடுத்த தலைமுறைக்கும் ஓதுகிறார். பார்ப்பனியம் குடியிருக்கப் பூணூல் தேவையில்லை. ஆகவே நம்மாளை வேலையில் அமர்த்தியதோடு வேலை முடிந்ததாக நினைக்கக் கூடாது என்கிறேன்.

அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் பரவலாக வந்தன. பலகை மாறியது, ‘உக்காரு’ மாறவில்லை. 2023இல் நாங்குநேரியில் தலித் மாணவனும் தங்கையும் வீட்டுக்குள்ளேயே வெட்டப்பட்ட பிறகு நீதிபதி சந்துரு குழு அமைக்கப்பட்டது, 2024இல் அறிக்கை தந்தது. மாணவர் கையில் கட்டும் சாதிக் கயிறு பற்றி அப்போது ஊரே பேசியது. பேசத்தான் வேண்டும். கூடவே, கண்ணுக்குத் தெரியாமல் ஆசிரியர் மனசில் கட்டியிருக்கும் கயிற்றையும் பேச வேண்டும்.

என்ன செய்யலாம்? 2009 கல்வி உரிமைச் சட்டப்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் நாலில் மூன்று பங்கு பெற்றோர். ஒடுக்கப்பட்ட பிரிவுப் பெற்றோருக்கு அதில் விகிதப்படி இடம் உண்டு. நம்ம அம்மாக்கள் அங்கே உட்கார்ந்து கழிப்பறை, சத்துணவு பற்றிக் கேட்பதோடு, “இந்த வாரம் எம்புள்ள எத்தன தடவ எழுந்து வாசிச்சான்?” என்றும் கேட்கட்டும். மாணவத் தோழர்கள் ஒரு வாரம் பிள்ளைகளிடம் விசாரித்து நோட்டில் எழுதுங்கள்: யாரை எழுப்பினார்கள், யாரை உட்கார வைத்தார்கள். அந்த நோட்டோடு போய்ப் பேசினால் ‘சூழல்’ என்று மழுப்ப முடியாது.

மாலை வகுப்பு நடத்துகிறவர்கள் கையேட்டைத் தூக்கி வையுங்கள். பிள்ளை தன் தெருவை, அப்பன் அடிக்கும் பறையை, தண்ணீர் வராத குழாயைத் தனக்குத் தெரிந்த நாலு ஆங்கிலச் சொல்லில் சொல்லட்டும். தப்பும் தவறுமாகச் சொல்லட்டும், சொல்லி முடிக்கும்வரை குறுக்கே பேசாதீர்கள். இலக்கணம் பின்னால் வந்து சேரும்.

35 மதிப்பெண் போதும் என்று நமக்கு அளந்து கொடுக்க இவர்கள் யார்? இடஒதுக்கீட்டைப் போராடி வாங்கிய நாம், வகுப்பறையில் வாய் திறக்கிற நேரத்திலும் நம்ம பங்கைக் கேட்டு வாங்குவோம்.